புலம்பெயர்ந்தோரின் துணைவர் புனித தொரிபியோ ரோமோ



யூபிலி மலர் என்றால் அதில் ஒரு புனிதரின் வரலாறு இடம்பெற வேண்டும் என்பது எழுதாத சட்டம். அந்தோனியாரையும் சவேரியாரையும் செபஸ்தியாரையும் பற்றி நம் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆதலால், நம் ஊர்களில் சுரூபமோ நவநாளோ தேர்ப்பவனியோ இல்லாத ஒரு புனிதரை இங்கே அறிமுகம் செய்யத் துணிந்தோம். மெக்சிகோ நாட்டின் மேற்குப் பகுதியிலும், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வயல்களிலும் தோட்டங்களிலும் கூலிவேலை செய்யும் மெக்சிகோ மக்களிடையேயும் இவர் பெயர் எல்லார் வாயிலும் உண்டு. பிழைப்புத் தேடி எல்லை கடப்போர் இவர் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். ஆனால் இவரோ, உயிரோடிருந்த காலத்தில், பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போகாதீர்கள் என்று தம் மக்களைத் தடுத்தவர். இந்த முரணே நம்மை இவரிடம் ஈர்த்தது.

மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் மேட்டுநாடு என்று அழைக்கப்படும் பகுதி ஒன்றுண்டு. சிவந்த மண், மழையை நம்பிய விவசாயம், சோளமும் அவரையும் கறவை மாடுகளும். பெருஞ்செல்வர் குறைவு. ஆளுக்குக் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு பாடுபடும் குடும்பங்களே மிகுதி. செபமாலை சொல்லாமல் படுக்காத மக்கள். அங்கே ஹலோஸ்தோதித்லான் என்ற ஊரை அடுத்த சாந்தா அனா தே குவாதலூப்பே என்னும் குக்கிராமத்தில், 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் தொரிபியோ பிறந்தார். தந்தை பத்ரீசியோ ரோமோ, தாய் ஹுவானா கோன்சாலஸ். இருவரும் ஏழை விவசாயிகள்.

ஏழை வீட்டில் ஒரு பையன் என்றால் அவன் இரண்டு கை. ஏரோட்டவும் மாடு மேய்க்கவும் அவன் வேண்டும். அவனைப் படிக்க அனுப்புவது பெற்றோருக்கு எளிதான காரியமாக இருக்கவில்லை. இந்த இடத்தில் அக்காள் மரியா குறுக்கிட்டாள். வீட்டில் எல்லாரும் அவளைக் கீக்கா என்று அழைப்பார்கள். தம்பிக்குப் படிப்பு வேண்டும் என்று பெற்றோரிடம் வாதாடி வென்றவள் அவளே. பின்னாளில் அவன் எந்தப் பங்குக்குச் சென்றாலும் உடன் சென்று சமைத்துப் போட்டவளும், சிறுவர்க்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவளும் அவளே. புனிதர்களின் வரலாறுகளில் இத்தகைய அக்காள்மாருக்கு இரண்டு வரிக்குமேல் இடம் கொடுப்பதில்லை. நம் குருக்கள் பலருடைய வீட்டிலும் ஒரு கீக்கா உண்டு என்பதை வாசகர் அறிவர்.

பன்னிரண்டாம் வயதில் சான் ஹுவான் தே லோஸ் லாகோஸ் நகரத்துச் சிறுகுருமடத்தில் சேர்ந்த தொரிபியோ, 1920-ஆம் ஆண்டு குவாதலஹாரா பெருங்குருமடத்திற்குச் சென்றார். அக்காலத்தில் அந்த உயர் மறைமாவட்டத்தில், திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டு வெளியிட்ட தொழிலாளர் பற்றிய சுற்றுமடலை வெறும் பாடமாக வைத்திருக்கவில்லை. பேராயர் பிரான்சிஸ்கோ ஒரோஸ்கோ அவர்களின் ஆதரவில் தொழிலாளர் சங்கங்களும் விவசாயிகளின் கடன் சங்கங்களும் எழுந்தன. ஏழைக்குச் சோறும் கூலியும் கிடைக்க வழி செய்வதும் ஞானமேய்ப்பின் ஒரு பகுதியே என்ற எண்ணம் அந்த இளங்குருமாணவர் உள்ளத்தில் பதிந்தது அங்கேதான்.

அதே 1920-ஆம் ஆண்டில் அவர் ஒரு சிறு நகைச்சுவை நாடகம் எழுதினார். வடக்கே போவோம் என்பது அதன் தலைப்பு. தலைப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம்; வடக்கே போகிறவர்களைக் கேலி செய்யும் நாடகம் அது. ஊரையும் நிலத்தையும் மறந்து, அங்கிருந்து அரைகுறை ஆங்கிலமும் புது உடுப்புமாகத் திரும்பி வந்து, பெற்றோரின் வழக்கங்களையும் விசுவாசத்தையும் இகழ்கிறவர்களை அவர் அதில் நையாண்டி செய்தார்.

அவர் அப்படி எழுதியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1910-ல் தொடங்கிய புரட்சியால் நாடு பத்தாண்டுகள் குருதியில் நனைந்தது. வயல்கள் தரிசாயின. மறுபுறம், முதல் உலகப் போரினால் ஆள் பற்றாக்குறைப்பட்ட அமெரிக்கா, 1917 முதல் 1921 வரை மெக்சிகோ கூலியாட்களைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ள வழி திறந்துவிட்டது. இருப்புப்பாதை போடவும், கிழங்கு தோண்டவும், பருத்தி எடுக்கவும் ஆள் வேண்டும். மேட்டுநாட்டு இளைஞர்கள் ரயிலேறினார்கள். ஊரில் முதியவரும் பெண்டிரும் குழந்தைகளுமே எஞ்சினர். ஞாயிறு பூசையில் ஆண்கள் பக்கம் வெறிச்சோடியது. ஆயர்களும் பங்குத்தந்தையரும் இதைக் கண்டு அஞ்சினார்கள். போனவன் கடவுளை மறந்துவிடுவான், மனைவியை மறந்து இன்னொரு குடும்பம் வைத்துக்கொள்வான், நல்ல மேய்ப்பர் இல்லாத இடத்தில் சிதறிப் போவான் என்பதே அவர்கள் கவலை. மேடையில் இருபது வயது குருமாணவர் சொன்னதும் அதுதான்.

அந்தக் கவலையைத் தவறு என்று நாம் சொல்லமாட்டோம். அப்படி மறந்தவர்களும் உண்டு. ஆனால் பட்டினி கிடக்கிறவனிடம் போகாதே என்று மட்டும் சொல்வது பாதிச் சொல்லே அல்லவா? போகிறவர்கள் ஒருவரையொருவர் எப்படித் தாங்கிக்கொள்வார்கள் என்பதை அந்த நாளில் ஹலிஸ்கோவின் குருக்கள் கண்டறியவில்லை. அதைக் காண இன்னும் பல ஆண்டுகள் ஆகவேண்டியிருந்தது.

குருத்துவத்திற்குத் திருச்சபைச் சட்டம் குறித்த வயது தொரிபியோவுக்கு இன்னும் ஆகவில்லை. ஆகவே சிறப்பு அனுமதி பெற்று, 1922-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், தம் 22-ஆம் வயதில் குருப்பட்டம் பெற்றார். 1923 ஜனவரி 5-ல் சொந்தக் கிராமத்தில் முதற் பூசை. பிறகு சயூலா, துஸ்பான், யவாலிக்கா, குக்கீயோ என்று ஊர் ஊராக மாற்றல். இளங்குருவானவர் என்றால் சிலருக்கு இளக்காரம், சிலருக்குச் சந்தேகம். எல்லாவற்றையும் அவர் பொறுத்துக்கொண்டார். சிறுவர்க்கு மறைக்கல்வி புகட்டுவதும், ஏழைத் தொழிலாளரோடு பழகுவதும், நற்கருணையின்முன் நெடுநேரம் முழந்தாட்படியிட்டிருப்பதும் அவருக்கு விருப்பமானவை. இயல்பிலே அவர் அச்ச சுபாவம் உள்ளவர். தாம் ஒரு கோழை என்று தாமே மக்களிடம் ஒப்புக்கொண்டவர். இதை மறைக்காமல் சொல்கிறோம். வேதசாட்சிகள் எல்லாரும் சிங்கக்குட்டிகளாகவே பிறந்தார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

1926-ஆம் ஆண்டு வந்தது. 1917-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் சமய விரோத விதிகளை ஜனாதிபதி காயெஸ் கடுமையாக நடைமுறைப்படுத்தினார். குருக்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். எத்தனை குருக்கள் இருக்கலாம் என்பதை மாநில அரசு முடிவு செய்யும். துறவற இல்லங்களும் மறைப்பள்ளிகளும் மூடப்படும். ஆயர்கள் வேறு வழி காணாமல், ஜூலை 31 முதல் நாடு முழுவதும் பொது வழிபாட்டை நிறுத்தினார்கள். கோயில் இருந்தது, மணி இருந்தது, பூசை மட்டும் இல்லை! மேட்டுநாட்டு விவசாயிகள் பலர் ஆயுதம் ஏந்தினர். முந்திய ஆண்டில்தான் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் கிறிஸ்து அரசர் திருநாளை ஏற்படுத்தியிருந்தார். அந்த அரசரின் பெயரைச் சொல்லியே அம்மக்கள் போருக்குப் போனார்கள். அந்தப் பெயராலேயே கிறிஸ்தேரோக்கள் என்று அழைக்கப்பட்டார்கள்.

தொரிபியோ ஆயுதம் எடுக்கவில்லை. ஓடி ஒளியவும் இல்லை. குக்கீயோவில் பங்குத்தந்தை ஹுஸ்தினோ ஒரோனா அவர்களோடு மலைகளிலும் பண்ணை வீடுகளிலும் மறைந்து வாழ்ந்து, இரவில் வந்து நோயாளிகளுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். அந்த ஒரோனா சுவாமியும் 1928 ஜூலையில் கொல்லப்பட்டு, பின்னர் இவரோடு சேர்ந்தே புனிதரானார். 1927-ல் தொரிபியோவுக்குத் தெக்கீலா பங்கு கொடுக்கப்பட்டது. தெக்கீலா என்றால் மதுவின் பெயரென்றே பலர் அறிவர்; மது அந்த ஊரால் பெயர் பெற்றது. நம் வேலியோரங்களில் காணும் ஆனைக்கற்றாழையின் இனத்தைச் சேர்ந்த ஒரு நீலக் கற்றாழையின் அடிக்கிழங்கை வேகவைத்து, புளிக்கவைத்து, வடித்து எடுக்கும் சாராயம் அது. அந்த ஊரில் அரசின் கெடுபிடி மிகுதி. ஊருக்குள் குருவானவர் தங்க முடியாது. ஆகையால் ஊருக்கு வெளியே, ஆகுவா காலியெந்தே என்னும் மலைப்பள்ளத்தில், கைவிடப்பட்ட பழைய மது ஆலை ஒன்று அவருக்கு வீடும் கோயிலுமாயிற்று. பூசை அங்கே, ஞானஸ்நானம் அங்கே, திருமணம் அங்கே. கீக்கா அக்காளும் உடனிருந்தாள். தம்பி ரொமானும் அப்பொழுது குருவாகி, அண்ணனுக்கு உதவியாக வந்து சேர்ந்தார்.

1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 22, விபூதிப் புதன். தொரிபியோ தம் தம்பியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். அவரது ஆசீரைக் கேட்டு வாங்கினார். ரொமான் குவாதலஹாராவுக்குப் புறப்படும்போது ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து, தாம் சொல்லும்வரை பிரிக்க வேண்டாம் என்றார். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்பது சில நாட்களில் தெரிந்தது. வயதான தாய் தந்தையரைத் தம்பியிடம் ஒப்படைத்திருந்தார். தங்களுக்குத் தாயாக இருந்த கீக்காவை ஒப்படைத்திருந்தார். உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காகத் தாம் ஒப்புக்கொண்டு இன்னும் நிறைவேற்றாத இரண்டு பூசைகளை ஒப்புக்கொடுக்கச் சொல்லியிருந்தார். கூடவே, வேறொரு குருவானவருக்குத் தாம் தரவேண்டியிருந்த மூன்று பெசோ ஐம்பது காசைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தார். சாவை எதிர்நோக்கி எழுதிய கடிதத்தில் மூன்றரைப் பெசோ கடன்! வாசகர் இந்தச் சிறு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

வெள்ளிக்கிழமை முழுவதும் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் திருமணப் பதிவேடுகளையும் சரிபார்த்து எழுதினார். இரவும் அந்த வேலை தொடர்ந்தது. சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குப் பூசை வைக்க எண்ணியவர், களைப்பு மிகவே, சற்றுக் கண்ணயர்ந்தார். ஐந்து மணியளவில் படைவீரரும், அவர்களோடு அரசுப் பக்கம் நின்ற நிலக்குடியானவரும் மதிலேறிக் குதித்து உள்ளே புகுந்தார்கள். படுக்கையிலேயே அவரை அடையாளம் கண்டு சுட்டார்கள். எழுந்து சில அடிகள் நடந்தார். மறுபடியும் சுட்டார்கள். அக்காள் கீக்கா ஓடிவந்து தாங்கிக்கொள்ள, அவள் கைகளிலே உயிர் நீத்தார். அன்று பிப்ரவரி 25. அவருக்கு வயது 27. உடலிலிருந்த உடைகளையும் உரிந்துகொண்டு, தெக்கீலாவின் நகர மன்றக் கட்டிடத்துக்கு முன்னே கொண்டுவந்து போட்டார்கள். ஊர் மக்கள் எடுத்து அடக்கம் செய்தார்கள். 1929 ஜூன் 21-ல் அரசுக்கும் ஆயர்களுக்கும் உடன்பாடு ஏற்பட்டுக் கோயில்கள் மீண்டும் திறந்தன. 1948-ல் அவருடைய எலும்புகள் சொந்தக் கிராமமான சாந்தா அனாவின் சிற்றாலயத்திற்குக் கொண்டுவரப்பட்டன.

வேதசாட்சியின் வரலாறு இத்துடன் முடிந்திருக்கலாம். இன்னும் எத்தனையோ மறைசாட்சிகளின் வரலாறு இப்படித்தான் ஒரு கல்லறையோடு நின்றுவிட்டது. இவருடையது நிற்கவில்லை. ஏனெனில் அவர் ஊர் மக்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

1942-ஆம் ஆண்டு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசும் மெக்சிகோ அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1964 வரை அது நீடித்தது. அந்த 22 ஆண்டுகளில் சுமார் 46 லட்சம் கூலி ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. அப்படிப் போனவர்களுக்குப் பிராசெரோ என்று பெயர். பிராசோ என்றால் கை. ஆள் வேண்டாம், கை மட்டும் வந்தால் போதும் என்பதுபோல் அல்லவா இருக்கிறது இந்தப் பெயர்! எல்லையில் அவர்களை வரிசையாக நிறுத்தி, உடலெங்கும் டி.டி.டி. பூச்சி மருந்து தெளித்தார்கள். முதல் ஆண்டுகளில் போனவர்களின் கூலியில் நூற்றுக்குப் பத்து சேமிப்பு என்று பிடிக்கப்பட்டது. பலருக்கு அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை. கீரையும் தக்காளியும் திராட்சையும் விளையும் கலிபோர்னியா பள்ளத்தாக்குகளில், குட்டைப்பிடி மண்வெட்டியால் நாள் முழுதும் குனிந்து களை கொத்தி முதுகு ஒடிந்தவர்கள் எத்தனை பேர்! அந்தக் குட்டை மண்வெட்டி 1975-ல்தான் அம்மாநிலத்தில் தடை செய்யப்பட்டது.

இந்த மக்களை உயிரோடு வைத்தது எது? கூலி என்று சொல்லலாம். நாம் அதை மட்டும் சொல்லமாட்டோம். ஒரு வாலிபன் எல்லை கடந்து போய் இறங்கினால், முதல் இரவு அவன் படுப்பது தன் ஊர்க்காரன் அறையில். ஆறு பேர் இருக்கும் அறையில் ஏழாவது பாய் விரிக்கப்படும். வேலை கிடைக்கும்வரை அவனிடம் சோற்றுக்குக் காசு கேட்கமாட்டார்கள். மேஸ்திரியிடம் அவனுக்காகப் பேசுகிறவன் இன்னொரு ஊர்க்காரன். பயணத்திற்கு வாங்கிய கடனுக்குப் பத்திரம் கிடையாது, வாய்ச்சொல்தான். நம்மவர் சீட்டுக் கட்டுவதுபோல் அவர்களும் வாரந்தோறும் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறைவைத்து எடுத்துக்கொள்வார்கள். தாந்தா என்பார்கள் அதற்கு. ஒருவன் குழந்தைக்கு இன்னொருவன் ஞானத்தகப்பனாக நின்றால், பெற்ற தகப்பனும் ஞானத்தகப்பனும் அன்று முதல் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே, அதாவது உடன்தந்தையர். இரத்த உறவைவிட அந்த உறவுக்கு மதிப்பு. ஞானஸ்நானத் தொட்டியடியில் உண்டான உறவு, நோயிலும் வேலையில்லாத நாளிலும் கைகொடுக்கும் உறவாயிற்று. நம் பங்கில் ஞானப்பெற்றோராக நிற்கிறவர்களில் எத்தனை பேர் அந்த நாளுக்குப் பின் குழந்தையின் வீட்டுப் படி ஏறுகிறார்கள் என்று கேட்க ஆசைதான். விழாக் காலமாதலால் கேட்காமல் விடுகிறோம்.

சாவு என்று வந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அந்நிய மண்ணில் ஒருவன் இறந்தால், ஊர்க்காரர்கள் தொப்பியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். பெட்டி ஊர் போய்ச் சேரவேண்டும். தாய் முகம் பார்க்கவேண்டும். இந்த வழக்கம் மிகப் பழையது. 1894-லேயே அரிசோனாவின் தூசோன் நகரில் ஸ்பானிய மொழி பேசும் மக்கள் ஒரு நேசச் சங்கம் அமைத்து, நோய்க்கும் அடக்கத்துக்கும் உதவி செய்துகொண்டார்கள். பிற்காலத்தில் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் கூடி ஊர்ச்சங்கங்கள் வைத்தார்கள். டாலர் டாலராகச் சேர்த்து ஊரில் கோயிலுக்குக் கூரை போட்டார்கள், கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். இந்தப் பணத்தைக் கண்ட மெக்சிகோ அரசு 2002-ஆம் ஆண்டு, அவர்கள் ஒரு பங்கு போட்டால் மத்திய, மாநில, நகராட்சி அரசுகள் ஆளுக்கொரு பங்கு போடும் என்று திட்டமே வகுத்தது. ஊரை மறப்பார்கள் என்று நாடகத்தில் சித்தரிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இதைச் செய்தார்கள்.

இந்த மக்களிடையேதான் அந்தக் கதை பிறந்தது. பலர் பலவிதமாகச் சொல்வதால் சாரத்தை மட்டும் தருகிறோம். எல்லை கடந்து பாலைவனத்தில் வழிதவறி, நீரின்றிச் சாகும் தறுவாயில் ஒரு மனிதன் கிடக்கிறான். வெளிர்நிறமும் நீலக்கண்ணும் உள்ள ஓர் இளைஞர் வருகிறார். தண்ணீரும் உணவும் தருகிறார். எங்கே போனால் வேலை கிடைக்கும் என்று சொல்கிறார். கையில் கொஞ்சம் பணமும் கொடுக்கிறார். வேலை கிடைத்துக் கையில் காசு வந்தபின் ஹலிஸ்கோவில் சாந்தா அனா என்ற ஊருக்கு வந்து தம்மைப் பார்க்கும்படியும், தொரிபியோ ரோமோ என்று கேட்டால் சொல்வார்கள் என்றும் கூறிப் போகிறார். ஆண்டுகள் கழித்து அந்த மனிதன் கடனைத் திருப்பிக் கொடுக்க அந்த ஊர் தேடி வருகிறான். கோயிலுக்குள் நுழைந்தவன் அங்கே மாட்டியிருக்கும் படத்தில் அதே முகத்தைக் காண்கிறான். அவர் இறந்து பல்லாண்டுகள் ஆயின என்று அறிகிறான்.

இதை நம்பலாமா என்று வாசகர் கேட்பர். திருச்சபை இக்காட்சிகளைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. திருத்தந்தை 2-ஆம் அருள் சின்னப்பர் 1992 நவம்பர் 22-ல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2000-ஆம் ஆண்டு மே 21-ல் புனித கிறிஸ்தோபல் மகாயானெஸும் தோழருமாக 25 பேரில் ஒருவராகப் புனிதர் பட்டமும் அளித்தது அவர் வேதசாட்சியாக இறந்ததற்காக. பாலைவனக் கதைக்காக அன்று. நாமும் அந்தக் கதையை விசுவாசப் பொருளாக்கவில்லை. ஆயினும் அந்தக் கதையில் புனிதர் செய்வதெல்லாம் என்ன? தண்ணீர், சோறு, வேலைக்கு வழி, பத்திரமில்லாத கடன், ஊருக்கு வந்து பார் என்ற அழைப்பு. இவை அத்தனையும் அம்மக்கள் ஒருவருக்கொருவர் நாள்தோறும் செய்துகொண்டவை. தங்களில் சிறந்ததையெல்லாம் எடுத்து அவர்மேல் போர்த்தினார்கள் என்று சொன்னாலும் தவறில்லை. மூன்றரைப் பெசோ கடனை நினைவில் வைத்து இறந்தவருக்கு அந்தப் போர்வை பொருத்தமாகவே இருக்கிறது.

பாலைவனம் கதையல்ல. 1994 முதல் அமெரிக்க அரசு நகரங்களை ஒட்டிய எல்லையில் காவலைப் பலப்படுத்தியபின், மக்கள் அரிசோனா பாலைவனத்தின் வழியே போகத் தொடங்கினர். வெயிலிலும் தாகத்திலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். தூசோன் நகரத்துக் கிறிஸ்தவர் சிலர் 2001-ஆம் ஆண்டு முதல் அந்தப் பாதைகளில் நீர்த்தொட்டிகளை வைத்து, மேலே நீலக்கொடி பறக்கவிட்டார்கள். அவர்களில் பலர் கத்தோலிக்கர் அல்லர். தாகத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

திருச்சபையும் மெல்ல மனம் மாறியது. போகாதே என்று தடுத்த மேட்டுநாட்டுக் குருக்களின் வாரிசுகள், போகிறவனுக்கு ஆசீர் கொடுத்து அனுப்பத் தலைப்பட்டார்கள். அங்குள்ள மறைமாவட்டம் புலம்பெயர்வோருக்கென்றே ஒரு செபப் புத்தகம் அச்சிட்டது. ஊர்த் திருவிழாவில் வெளியூர்ப் பிள்ளைகளின் நாள் என்று ஒரு நாள் ஒதுக்கப்பட்டது. அன்று அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் பவனியில் முன்னே நடப்பார்கள். வர முடியாதவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படும். சாந்தா அனா குக்கிராமத்தில் இப்பொழுது பெரிய திருத்தலம் எழுந்திருக்கிறது. விடுமுறை நாட்களில் எல்லை தாண்டிவந்த வண்டிகள் நிறையும். நேர்ச்சை செலுத்த வருகிறவர்கள் படங்களையும் கடிதங்களையும் வைத்துப் போகிறார்கள். பத்திரமில்லாதவர்கள் வர முடியாது; வந்தால் திரும்பிப் போக முடியாது. அவர்களுக்காகத் தாய்மார் மகனின் படத்தைக் கையில் ஏந்தி வந்து கல்லறை முன்னே நிற்கிறார்கள்.

வரமுடியாதவர்களைப் பார்க்கப் புனிதரே போனார். 2014-ஆம் ஆண்டு அவருடைய சுரூபமும் எலும்புத் துண்டு ஒன்றும் லாஸ் ஏஞ்சல்ஸ் உயர் மறைமாவட்டத்துப் பங்குகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வடக்கே போகிறவர்களைக் கேலி செய்து நாடகம் எழுதியவரைத் தொட்டு வணங்க, வேலை முடிந்த உடுப்போடும் கைக்குழந்தைகளோடும் அம்மக்கள் வரிசையில் நின்றார்கள்.